பிள்ளைகளுக்கு மூன்று கதைப் புத்தகங்கள்

பயிற்சிப் புத்தகம் என்றால் யோசிக்காமல் வாங்கிவிடுகிறோம். கதைப் புத்தகத்துக்குத்தான் தயங்குகிறோம். சுங்கை பாக்காப் பெற்றோர்களே, ஆண்டு 4, 5, 6 பிள்ளைகளுக்கு இந்த விடுமுறையில் இந்த மூன்று கதைப் புத்தகங்களையும் வாங்கிக் கொடுங்கள்.

முதலில் நம் மண்ணின் கதை. சுங்கை பட்டாணி எழுத்தாளர் கே. பாலமுருகனின் 'மர்மக் குகையும் ஓநாய் மனிதர்களும்'. என் மகன் பசியாறும்போதும் கீழே வைக்கவில்லை. ஒரு கையில் ரொட்டி சானாய், மறு கையில் புத்தகம், பக்கத்து ஓரமெல்லாம் பருப்புக் கறி. எனக்குத் திட்ட மனமே வரவில்லை.

உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' பிள்ளைகளைத் தமிழ்நாட்டில் அகழாய்வு நடந்த கீழடிக்கே அழைத்துப் போகிறது. 2023இல் சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய புரஸ்கார் விருது பெற்ற நாவல்.

2020இல் அதே விருதைப் பெற்றது யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்'. தப்பான தொடுதலைப் பற்றிப் பிள்ளையிடம் எப்படிப் பேசுவது என்று நாம் தவிக்கிறோமே, அதை ஒரு மரப்பாச்சி பொம்மை பேசிவிடுகிறது. மூன்றில் மிக அவசியமானது இதுதான். ஆனால் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு எழுந்து போய்விடாதீர்கள், கூடவே உட்கார்ந்து படியுங்கள்.

மூன்றும் என்னிடம் இருக்கின்றன. அக்கம்பக்கத்தில் இருப்பவர்கள் கேளுங்கள், தருகிறேன். படித்ததும் அடுத்த வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்துவிடுங்கள்.