48 கோரில் இரண்டு

மதுரைக்குத் தெற்கே ஒரு கிளைச்சாலையில், கம்பம் கம்பமாகத் தொங்கிப் போகிறது 48 கோர் ஃபைபர் கேபிள். வழியில் உள்ள சிற்றூருக்கு அதிலுள்ள கண்ணாடி இழைகளில், அதாவது கோர்களில், இரண்டைப் பிரித்துக் கொடுக்க வேண்டும். மற்ற கோர்களில் செல்போன் டவர், வங்கிக் கிளை, ஊராட்சி அலுவலகம் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கின்றன. கேபிளை ஒரே வெட்டாக வெட்டி 48-ஐயும் திரும்ப ஒட்டலாம்; அதுவரை அத்தனை பேருக்கும் இணைப்பு போய்விடும். அதனால், ஓடுகிற கேபிளை அறுக்காமல் நடுவில் திறக்கிறார்கள். அதைப் பார்க்கத்தான் போயிருந்தேன்.

கம்பத்தில் சுற்றி வைத்திருந்த உபரிக் கேபிளைக் கீழே இறக்கி, குழுவில் மூத்தவர் கறுப்பு உறையை ஆள் நீளத்துக்கு உரித்தார். உள்ளே நான்கு டியூப், ஒவ்வொன்றிலும் 12 கோர். மூன்றை அவர் கீறவே இல்லை. வளையமாகச் சுற்றி ஒதுக்கிவிட்டார். நாலாவதை மட்டும் சின்னக் கருவி ஒன்றால் நீளவாக்கில் கீறினார். அதிலும் பத்து கோர் லைவ். கருவி கொஞ்சம் ஆழமாக இறங்கினாலும் எங்கோ ஒரு டவர் நின்றுவிடும். கீறி முடிக்கும்வரை யாரும் பேசவில்லை.

டியூப் பிளந்ததும் ஜெல்லி வழிந்தது. தண்ணீர் ஊறாமலிருக்க நிரப்பிய பசை அது. துடைக்கத் துடைக்க நிறங்கள் தெரிந்தன: நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு, சாம்பல், வெள்ளை என்று வரிசையாக. "இது மனப்பாடமாகாம யாரையும் ஒட்டுற மிஷின் பக்கம் உட்கார விடமாட்டேன் சார்" என்றார். நீலமும் ஆரஞ்சும் மட்டுமே வெட்டுப்பட்டன.

வேனுக்குள் இருந்த இளைஞரிடம் அவர் கேட்ட முதல் கேள்வி, "ஸ்லீவ் போட்டியா?"

"போட்டேண்ணே."

ஒட்டுவதற்கு முன்பே ஒரு முனையில் ஸ்லீவைக் கோத்துவிட வேண்டும். மறந்தால், ஒட்டியதை வெட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். பிறகு இளைஞர் இழையின் மேற்பூச்சை ஸ்ட்ரிப்பரால் உருவி, ஆல்கஹாலில் துடைத்து, கிளீவரில் செங்குத்தாக நறுக்கினார். நறுக்கிய துணுக்குகளை ஒன்று விடாமல் ஒரு மூடி போட்ட டப்பாவில் சேர்த்தார். கண்ணாடி ஊசி விரலில் ஏறினால் தேடி எடுப்பது பெரும்பாடு. வெறும் இழை ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்குதான் தடிமன். அதற்குள்ளும் ஒளி போகும் பாதை 9 மைக்ரான். இரு முனைகளையும் மிஷின் தானே நேர்ப்படுத்தியது, ஒரு மின்பொறி, ஒட்டியாயிற்று. திரையில் 0.02 டெசிபல் என்றது. கிட்டத்தட்ட நூறு மீட்டர் கேபிளில் ஆகும் இழப்பு, அவ்வளவுதான். 1966-இல் சார்லஸ் காவ், கிலோமீட்டருக்கு 20 டெசிபலுக்குள் இழப்பு வந்தாலே கண்ணாடி இழையில் தொலைத்தொடர்பு நடக்கும் என்று கணக்கிட்டார். இன்று அது 0.2.

ஒட்டிய இடத்தில் மேற்பூச்சு கிடையாது. லேசாக வளைந்தால் முறியும். கோத்து வைத்த ஸ்லீவை அதன்மேல் நகர்த்தி மிஷினின் அடுப்பில் வைத்தால், அது சுருங்கி இறுகிப் பிடிக்கும். உள்ளிருக்கும் மெல்லிய எஃகுக் கம்பி இழையை வளைய விடாது. அப்புறம் அது ஜாயின்ட் பாக்ஸுக்குள் இருக்கும் டிரேயில் படுக்கும். டிரேயின் வளைவுகள் அகலமாக இருப்பதற்குக் காரணம் உண்டு: இழையை இறுக்கி மடக்கினால் ஒளி வளைவில் கசிந்துவிடும்.

ஊருக்குள் போகும் ஒரு கோர், அங்கே ஸ்ப்ளிட்டரில் எட்டாகப் பிரியும். அதற்கு மின்சாரம் வேண்டாம். வந்த ஒளியைப் பங்கு வைப்பதோடு சரி. எட்டுப் பங்கு என்றால் சுமார் 10 டெசிபல் போய்விடும், 50 கிலோமீட்டர் கேபிள் விழுங்கும் அளவு. பிரிப்பதிலேயே இவ்வளவு செலவாவதால், ஜாயின்டில் வீணடிக்க மிச்சம் கொஞ்சம்தான்.

ஆனால் பழுதாகும் ஜாயின்ட்களில் ஒட்டு விடுவது அரிது என்கிறார் மூத்தவர். பாக்ஸ்தான் காரணம். கேபிள் நுழையும் வாயில் நீர் இறங்கும். கேபிளின் நடுக்கம்பியைத் திருகி இறுக்காமல் விட்டால், வெயிலுக்கும் குளிருக்கும் கேபிள் உள்ளே வெளியே இழுபட்டு இழையை முறிக்கும். அவர் உறையை உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, துடைத்து, சுருங்கும் குழாயைச் சூடேற்றி இறுக்கினார். பயன்படாத வாய்களையும் அடைத்தார். ஒட்ட எடுத்ததைவிட மூடத்தான் அதிக நேரமானது.

கூலியோ ஒட்டிய கோர் கணக்கில். பாக்ஸை மூடியதற்கு ரசீதில் ஒரு வரிகூட இல்லை. தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளையும் ஃபைபரில் இணைக்கப் பாரத்நெட் திட்டத்தில் வேலை நடக்கிறது. எத்தனை பாக்ஸ்கள் இப்படி மழையில் தொங்கப் போகின்றன! ஒட்டுக்குக் கொடுப்பதைப் போல மூடுவதற்கும் தனிக் கூலி வைக்க வேண்டும், வைத்தே ஆக வேண்டும். இப்போது அந்த நேரத்தை இவர்கள் சொந்தக் கணக்கில் கொடுக்கிறார்கள். சாயங்காலம் இருட்டும்போது அவசரமாக மூடிவிட்டுப் போகும் குழுவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பாக்ஸை வாய் கீழே பார்க்கும்படி தொங்கவிட்டு, உபரிக் கேபிளை மறுபடி வளையமாகக் கட்டினார்கள். "கொஞ்சம் குறைச்சுச் சுத்தினா என்னண்ணே?" என்று இளைஞர் கேட்டார். அடுத்து இதைத் திறக்க வருகிறவன் பாக்ஸைக் கீழே இறக்கி வேலை பார்க்க வேண்டாமா, ஏணியில் நின்றா ஒட்டுவான் என்றார் மூத்தவர்.