தவில் சொன்ன பதில்

என் தகப்பனார் மதுரைப் பக்கம் நையாண்டி மேளத்தில் தவில் வாசிப்பவர். கல்லூரி விண்ணப்பத்தில் ‘விவசாயக் கூலி’ என்று எழுதியவன் நான். முழுப் பொய்யல்ல, திருவிழா இல்லாத மாதங்களில் வயலுக்குத்தான் போவார்.

சென்ற ஆண்டு விடுதி விழாவில், நண்பர்கள் வற்புறுத்தவே தவிலை மாட்டிக்கொண்டு மேடையேறினேன். பபூன் வேடமிட்ட நண்பன், “தம்பி, ஐந்து பாடத்தில் எத்தனை தேறினாய்?” என்று கேட்டான். தவில் ஒரே ஒரு ‘தொம்’ சொல்லிற்று. அவையில் சிரிப்பு எழுந்தது. அதற்குள் அவசரப்பட்டு அடுத்த அடிகளைக் கொட்டி அதை அமுக்கிவிட்டேன். அடுத்த கேள்விகளுக்கும் அதே கதிதான்.

ஊரில் அப்பாவிடம் சொன்னேன். விரல்களில் கூடு மாட்டியபடியே, “சனம் சிரிக்கையில கைய எடுத்துரணும்டா. சிரிப்பு எறங்குறப்ப தொப்பியில கழியால ஒண்ணு போடு, மறுபடி ஏறும்” என்றார். கரகக்காரர் இளைப்பாறும் நேரமெல்லாம் கூட்டம் கலையாதிருப்பது இதனால்தான். ஊஞ்சலை உரிய கணத்தில் தள்ளினால் வீச்சு பெருகும் என்று ஒத்ததிர்வுப் பாடத்தில் நான் படித்ததும் இதையே!

இவ்வாண்டு விழாவில் தவில் வாசிக்க அப்பாவையே அழைத்திருக்கிறேன். பபூன் வேடம் எனக்கு.