கோல் அடிச்சவங்க அப்புறம் என்ன ஆனாங்க?

2025-ம் வருஷம் முதல் அஞ்சு மாசத்துக்குள்ள கால்பந்து சம்பந்தமா மூணு செய்தி படிச்சேன். ஜனவரியில் ஐ.எம்.விஜயனுக்குப் பத்மஸ்ரீ அறிவிச்சாங்க. ஏப்ரலில் அதே விஜயன் கேரள போலீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். மே மாசம் இங்கிலாந்தில் கேரி லினேக்கர், பிபிசியின் 'மேட்ச் ஆஃப் தி டே' நிகழ்ச்சியிலிருந்து விடைபெற்றார். 1999லிருந்து அவர் உட்கார்ந்திருந்த நாற்காலி அது. ரெண்டு பேருமே ஸ்ட்ரைக்கர்கள். எங்க ஊர் பாஷையில் சென்டர் ஃபார்வர்டு.

எனக்குத் தெரிஞ்ச மூணாவது சென்டர் ஃபார்வர்டு ஒருத்தர் இருக்கார். அவர் பேர் எந்தப் பேப்பரிலும் வந்ததில்லை. உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில் பஞ்சர் கடை வச்சிருக்கார். என் பெரியப்பா பையன். அவரைப் பத்தி எழுதணும்னு ரொம்ப நாளா ஆசை. ஆனா நேரடியா ஆரம்பிச்சா 'யாருப்பா இவரு?'ன்னு கேப்பீங்க. அதனால பெரிய ஆளுங்க ரெண்டு பேரையும் துணைக்குக் கூட்டிக்கிட்டு வரேன்.

1990 உலகக் கோப்பை இத்தாலியில் நடந்துச்சு. அப்ப நான் ஒன்பதாவது. அண்ணனுக்குப் பதினாறு வயசு. தெருவுக்கே ரெண்டோ மூணோ டிவி. மேட்ச் நம்ம நேரத்துக்கு ராத்திரி பதினொன்றரைக்கு. டிவி வச்சிருந்தவர் 'உள்ள பாட்டி தூங்குது, எவனாவது கத்தினா டிவிய நிறுத்திடுவேன்'னு கண்டிஷன் போட்டுத்தான் உள்ள விடுவார். கோல் விழுந்தா நாங்க வாயைப் பொத்திக்கிட்டுக் குதிப்போம்.

எல்லாரும் மரடோனா கட்சி. அண்ணன் மட்டும் லினேக்கர் கட்சி. எனக்கு அது புரியவே இல்லை. மரடோனா பந்தோட வித்தை காட்டுவார். லினேக்கர் என்ன செஞ்சார்? பாதி நேரம் கண்ணுலயே படமாட்டார். ஜூலை 4, மேற்கு ஜெர்மனியோட அரையிறுதி. இங்கிலாந்து ஒரு கோல் பின்னாடி. 80வது நிமிஷம் வலது பக்கத்திலிருந்து ஒரு பந்து வந்து விழுது. ஜெர்மன்காரங்க நீயா நானான்னு தடுமாறுறாங்க. எங்கிருந்து வந்தார்னே தெரியலை, லினேக்கர் தொடையில் வாங்கி இடது காலால் ஒரு தட்டு. கோல். கடைசியில் பெனால்டியில் இங்கிலாந்து தோத்தது வேற கதை. வீட்டுக்கு இருட்டுல நடந்து வரப்ப அண்ணன் சொன்னார்:

"டேய், பத்து தடவ அந்த எடத்துக்கு ஓடணும். ஒம்போது தடவ பந்து வராது. பாக்கறவன் இவன் இன்னாடா சும்மா ஓடினு கீறான்னு நெனப்பான். பத்தாவது தடவ வரும்."

லினேக்கர் லெஸ்டர் ஊர்க்காரர். அப்பாவுக்கு மார்க்கெட்டில் காய்கறி, பழக்கடை. உள்ளூர் லெஸ்டர் சிட்டியில் ஆரம்பிச்சு எவர்ட்டன், பார்சிலோனா, டாட்டன்ஹாம் போய் கடைசியா ஜப்பானில் நகோயா அணியோட முடிச்சார். 1986 மெக்சிகோ உலகக் கோப்பையில் 6 கோல், தங்கக் காலணி. இங்கிலாந்துக்காக 80 மேட்ச், 48 கோல். அப்ப பாபி சார்ல்டனோட சாதனை 49. ஒண்ணே ஒண்ணு குறைச்சல்! இத்தனை வருஷ ஆட்டத்தில் ஒரு மஞ்சள் அட்டைகூட வாங்கினதில்லை. கால் விரல் காயம் படுத்தி எடுக்க 1994ல் ஓய்வு பெற்றவர், ரேடியோவில் பேச ஆரம்பிச்சு, டிவியில் மேட்சை அலசுற ஆளா வந்து, அப்புறம் நிகழ்ச்சியை நடத்துற நாற்காலிக்கே போயிட்டார். 2016ல் தன் சொந்த ஊர் லெஸ்டர் சாம்பியன் ஆனதும், முன்னாடி வாய்விட்ட சபதத்துக்காக டவுசரோட உட்கார்ந்து நிகழ்ச்சி நடத்தின மனுஷன்.

இனி விஜயன். திருச்சூர் மைதானத்தில் பத்து பைசா கமிஷனுக்கு சோடா வித்த பையன். சோடா வித்துக்கிட்டே மேட்ச் பார்த்து ஆட்டம் கத்துக்கிட்டவர். 1987ல் கேரள போலீஸ் அணி சேர்த்துக்கிச்சு. அந்த அணி 1990, 1991 ரெண்டு வருஷமும் ஃபெடரேஷன் கப் ஜெயிச்சது. அப்புறம் கல்கத்தா மோகன் பகான். அங்கேதான் 'கறுப்பு மான்'னு பேர் வச்சாங்க. பஞ்சாப் ஜேசிடி மில்ஸில் பைச்சுங் பூட்டியாவோட சேர்ந்து ஆடி, 1996-97ல் முதல் தேசிய லீக் பட்டம். மறு வருஷம் எஃப்சி கொச்சின். அங்க இன்னொரு விஜயனும் இருந்தார், நம்ம தமிழ்நாட்டு ராமன் விஜயன். 1997-98 லீக்கில் அதிக கோல் அடிச்சது இந்த ராமன் விஜயன்தான். நம்மூரில் எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கே அண்ணன் சொல்லித்தான் தெரியும்.

1999 தெற்காசியப் போட்டி, காத்மாண்டு. பூட்டானோட மேட்ச். விசில் ஊதின 12வது விநாடியில் ஐ.எம்.விஜயன் கோல் அடிச்சார். குனிஞ்சு செருப்பு வாரை மாட்டினவன் அந்த கோலைப் பார்த்திருக்க மாட்டான்.

ஆனா நான் விஜயனை முதல்ல பார்த்தது எங்க தெரியுமா? மைதானத்தில் இல்லை, 'திமிரு' படத்தில்! 2006ல் அண்ணனும் நானும் காஞ்சிபுரம் போய்ப் பார்த்தோம். விஷாலை எதிர்த்து முறைச்சுக்கிட்டு நிக்கிற ஆளைக் காட்டி அண்ணன் என் தொடையைக் கிள்ளினார்.

"இவர் யார் தெரியுதா? ஐ.எம்.விஜயன்டா!"

"எந்த விஜயன்?"

அண்ணன் அதுக்கப்புறம் இடைவேளை வரைக்கும் என்கிட்ட பேசலை. மூணு தடவை இந்தியாவின் சிறந்த ஆட்டக்காரர், 2003 வரைக்கும் நாட்டுக்காக ஆடினவர். அவர் ஹீரோகிட்ட அடி வாங்குறப்ப தியேட்டரில் விசில் பறந்துச்சு. அண்ணன் மட்டும் கையைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தார். விஜயன் சினிமாவில் சும்மா தலை காட்டினவர் இல்லை, மலையாளத்தில் 'சாந்தம்'னு தேசிய விருது வாங்கின படத்திலேயே முக்கிய வேஷம். 2019ல் 'பிகில்' வந்தப்பவும் வில்லன். கால்பந்து படத்தில்கூட அவரை வில்லனாத்தான் நமக்குத் தெரிஞ்சது!

ஏன் அங்க கோல் அடிச்சவர் டிவி நாற்காலிக்குப் போறார், இங்க சண்டைக் காட்சிக்குப் போறார்னு ரொம்ப நாள் யோசிச்சிருக்கேன். விஜயனுக்குப் பேசத் தெரியாதுன்னு இல்லை. டிவியில் உட்கார்ந்து அலசணும்னா அலச ஒரு படம் வேணும். ரீப்ளே வேணும். 'இதோ பாருங்க, இந்த எடத்துல நான் நின்னேன்'னு காட்டணும். லினேக்கரோட ஒவ்வொரு கோலும் பத்து கோணத்தில் இருக்கு. விஜயன் ஆடின பெரும்பாலான மேட்ச் பார்த்தவங்க மனசுலதான் இருக்கு. பார்த்தவங்களுக்கு வயசாயிட்டு வருது.

எங்க ஊர் பேரைச் சொன்னா எல்லாரும் குடவோலைக் கல்வெட்டுதான் சொல்வாங்க. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், யார் தேர்தலில் நிக்கலாம், யார் நிக்கக்கூடாதுன்னு ஆயிரத்து நூறு வருஷம் முன்னாடி பராந்தக சோழன் காலத்துலயே வெட்டி வச்சிருக்காங்க. அப்பேர்ப்பட்ட ஊரில், 1994ல் யார் எப்படி கோல் அடிச்சாங்கன்னு எழுதி வைக்க ஒரு நோட்டுப் புத்தகம்கூட இல்லை.

1994 மே மாசம். மதுராந்தகம் பக்கம் ஒரு ஊரில் டோர்னமெண்ட். எங்க ஊர் பசங்க ஃபைனல் வந்துட்டாங்க. அண்ணனுக்கு இருபது வயசு. பூட்ஸ் இரவல், நுனியில துணி திணிச்சிருந்தார். நான் சப்போர்ட்டுக்குப் போன கூட்டத்தில் ஒருத்தன். ஒண்ணுக்கு சைபர்னு ஜெயிச்சோம். அந்த ஒரு கோல் அண்ணன் அடிச்சது. ஆட்டம் ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துலயே அடிச்சுட்டார்.

அந்த கோலை நான் பார்க்கலை.

சேமியா ஐஸ் வாங்கப் போயிருந்தேன். வெயிலுக்கு வண்டியைச் சுத்திக் கூட்டம். காசு கொடுத்துட்டு மிச்சம் வாங்குறப்ப பின்னாடி 'ஓ'ன்னு சத்தம். திரும்பிப் பார்த்தா எல்லாரும் அண்ணன் மேல விழுந்து கிடக்கிறாங்க. மேட்ச் முடிஞ்சதும் வேர்வையோட நேரா என்கிட்ட வந்தார். "எப்படி? பாத்தியாடா?" நான், "பாத்தேண்ணா, சூப்பர்ண்ணா"ன்னு சொன்னேன். வேற என்ன சொல்றது?

அதோட விட்டிருந்தா பரவாயில்லை. ஊருக்கு வந்து எல்லாருக்கும் அந்த கோலை நடிச்சுக் காட்டினேன். பந்து அந்தரத்தில் வர, அண்ணன் ஒரு எகிறு எகிறி வாலி அடிக்க, கோல் கீப்பர் அசையாம நிக்க... பெரியம்மாகிட்டகூட அப்படித்தான் சொன்னேன். அப்புறம் என் கல்யாணத்தில், ஆபீஸில், என் பையன்கிட்ட, எல்லா எடத்துலயும் அதே வாலி. ரீப்ளே இல்லாத ஊரில் யார் கேக்கப் போறா?

அந்த மேட்சைப் பார்த்த ஒருத்தர் சென்னையில் ஒரு டிபார்ட்மெண்ட் அணியோட செலக்ஷனுக்கு அண்ணனை வரச் சொன்னார். செலக்ஷனுக்கு மூணு வாரம் இருக்கறப்ப ஏரியில் தண்ணி வத்தின தரையில் பிராக்டீஸ் பண்ணிக்கிட்டிருந்தார். வெடிப்பில் கால் மாட்டி வலது முட்டி திரும்பிடுச்சு. எண்ணெய் போட்டுக் கட்டு கட்டினாங்க. வீக்கம் வடிஞ்சது, ஓட்டம் திரும்பலை. அடுத்த வருஷம் பஞ்சர் கடை. அண்ணன் தன் ஆட்டத்தைப் பத்திப் பேசி நான் கேட்டதே இல்லை. ஆனா பசங்க ஓட்டைப் பந்தை எடுத்துக்கிட்டு வந்தா காசு வாங்காம ஒட்டிக் கொடுப்பார். அது மட்டும் இன்னிக்கும் நடக்குது.

2022 டிசம்பர் 18, ஞாயித்துக்கிழமை. அர்ஜென்டினா - பிரான்ஸ் ஃபைனல். நான் ஊருக்குப் போயிருந்தேன். பக்கத்து டீக்கடை டிவியில் மேட்ச், கடை வாசல் வரைக்கும் கூட்டம். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தா டிவியில் பேசுறவங்க தேவையில்லை. "பந்தப் பாக்காத. அந்தாண்ட ஒருத்தன் கையத் தூக்கினு ஓடறான் பாரு, அவனப் பாரு." அவர் கை காட்டின ஆளுக்கே பந்து வந்து சேரும். பக்கத்தில் இருந்த பசங்க டிவியை விட்டுட்டு அவர் வாயைப் பார்க்க ஆரம்பிச்சாங்க. இவருக்குத்தான் ரொம்ப தெரியுமேன்னு நான் சீண்டினேன். "சென்டர் ஃபார்வர்டு மேட்ச் பூரா காத்துனு நிக்கறவன்டா. காத்துனு நிக்கறவன் எல்லாத்தையும் பாப்பான்"ன்னார்.

80வது நிமிஷம் எம்பாப்பே பெனால்டி போட்டார். 'இனிமே ஒண்ணும் இல்ல, அர்ஜென்டினாதான்'னு ஒருத்தர் எழுந்து சந்துப் பக்கம் ஒதுங்கப் போனார். 97 விநாடியில் எம்பாப்பே ரெண்டாவது கோல்! அவர் வேட்டியைப் பிடிச்சுக்கிட்டு ஓடி வந்து "என்னாச்சு, என்னாச்சு?"ன்னு கேக்க, கடையே சிரிச்சது. அண்ணனும் சிரிச்சார். எனக்கு மட்டும் சிரிப்பு வரலை.

மேட்ச் முடிஞ்சு, மெஸ்ஸி கப்பைத் தூக்கி, கூட்டம் கலைஞ்சப்புறம் அண்ணன் கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். சொல்லிட்டேன்.

"அண்ணா, அந்த மதுராந்தகம் மேட்சு... உன் கோலை நான் பாக்கலண்ணா. ஐஸ் வாங்கப் போயிட்டேன்."

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை.

"தெரியும்டா. ரெண்டு கையிலயும் ஐஸ் வச்சினு நின்ன. ஒண்ணு எனக்குன்னு வாங்கினு வந்த. கரைஞ்சு முழங்கை வரைக்கும் ஒழுகிச்சு. நானே கேட்டுட்டேன், நீ இன்னா பண்ணுவ, பாவம்."

"அப்புறம் ஊரெல்லாம் வாலின்னு சொல்லிக்கிட்டிருந்தேனே, ஏன் ஒரு வார்த்தை சொல்லலை?"

"நல்லாத்தான இருந்துச்சு!"

அப்புறம் டப்பாவிலிருந்து ட்யூப் வால்வு மூடி நாலஞ்சு எடுத்து பெஞ்சு மேல வச்சார். டயர் கழட்டுற கம்பி ரெண்டு, அதுதான் கோல் போஸ்ட். 28 வருஷத்தில் முதல் தடவையா அந்த கோலைச் சொன்னார். இடது பக்கத்திலிருந்து பந்து. இவர் முதல் போஸ்டுக்கு ஓடினார். பந்து வரலை. இவர் பின்னாடியே ஒரு பேக்கும் கோல் கீப்பரும் வந்துட்டாங்க. பந்து இவங்க தலைக்கு மேல போய் மேல் கம்பியில் பட்டுத் திரும்பி வந்துச்சு.

"வாலியும் இல்ல, ஒண்ணும் இல்ல. திரும்பறதுக்குள்ள முட்டியில பட்டு உள்ள போயிடுச்சு. இந்த முட்டிதான்." வலது முட்டியை ஒரு தட்டு தட்டினார். "ஆனா அங்க நான் இருந்தேன் பாரு. அதான் கோலு."

மூடிகளை எடுத்து டப்பாவில் போட்டுட்டு ஷட்டரை இறக்கப் போனார்.

அதனால இங்க எழுதி வைக்கிறேன். 1994 மே, மதுராந்தகம் பக்கம், ஃபைனல், ஒண்ணுக்கு சைபர். கோல்: எங்க அண்ணன். வலது முட்டியில் பட்டு. நான் பார்க்கலை, ஆனா அடிச்சவர் வாயாலயே கேட்டேன்.