கை ஆபரேஷனும் ஸ்டீராய்டு ஊசியும்

கை எப்படி இருக்கிறது என்று நிறையப் பேர் போனில் கேட்டீர்கள். இடது கையால் தட்டித் தட்டி எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். (வகுப்பில் நான் பொறுத்துக்கொண்டதில்லை என்பது வேறு விஷயம்.)

அண்ணா நகர் வீட்டு வாசல் ஈரத்தில் வழுக்கி விழுந்ததில் வலது மணிக்கட்டுக்கு மேலே எலும்பு முறிந்தது. பிளேட் வைக்க வேண்டும் என்றார்கள். முழு மயக்கம் வேண்டாம், கையை மட்டும் மரக்க வைக்கலாம் என்றார் மயக்க மருந்து டாக்டரம்மா. காறை எலும்புக்கு மேலே ஸ்கேன் கருவியை வைத்தார். திரையில் நரம்புகள் கம்பம் திராட்சைக் கொத்து மாதிரி தெரிந்தன. அதைச் சுற்றித்தான் மருந்து. (நாம் 'நரம்பு ஊசி' என்று சொல்வது ரத்தக்குழாயில் போடுவதை. இது நிஜமான நரம்பு.)

"கூடவே கொஞ்சம் டெக்சாமெத்தசோன் சேர்க்கிறேன் சார். வலி திரும்பி வர நேரமாகும்" என்றார். கொரோனா காலத்தில் கேள்விப்பட்டோமே, அதே ஸ்டீராய்டு. எனக்கு 20 வருஷமாகச் சர்க்கரை. மகள் பதறிவிட்டாள். டாக்டர் எதையும் மறைக்கவில்லை. ஓரிரு நாள் சர்க்கரை ஏறும், அடிக்கடி பார்க்க வேண்டும் என்றார். நரம்பை ஒட்டிப் போடுவது அந்த மருந்துக்கு அங்கீகரிக்கப்பட்ட முறை அல்ல, ஆனாலும் பல நாடுகளில் செய்கிறார்கள். டிரிப்ஸ் வழியாகக் கொடுத்தாலும் பலன் உண்டு என்றும் சொன்னார். பிறகு தேடிப் படித்தேன். காக்ரேன் அமைப்பு 2017-இல் 35 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்திருக்கிறது. நரம்பருகே இதைச் சேர்த்தால் மரப்பு சராசரியாக ஆறரை மணி நேரத்துக்கு மேல் கூடுதலாக நிற்கிறதாம்.

ஆனால் நான் அன்று சரி என்றதற்குக் காரணம் வேறு. ஆறு வருஷத்துக்கு முன் என் மனைவிக்கும் இதே மாதிரி கை முறிந்தது. வேறொரு மருத்துவமனை. மதியம் ஆபரேஷன், மரப்பு மருந்து மட்டும். "வலியே இல்லைங்க" என்று சிரித்துக்கொண்டே இட்லி சாப்பிட்டுத் தூங்கினாள். நடுராத்திரி ஒரு மணிக்கு மரப்பு விட்டது. விடியும் வரை அழுதாள். பெரிதுபடுத்துகிறாள் என்று நினைத்து, "கொஞ்சம் பொறுத்துக்கோ" என்று அதட்டியவன் நான்.

என் இரவு அமைதியாகக் கழிந்தது. கை மட்டும் யாருடையதோ மாதிரி கிடந்தது. திரும்பிப் படுத்தபோது என் மூக்கிலேயே வந்து விழுந்தது. காலை ஐந்து மணிக்கு விரல் நுனியில் எறும்பு ஊர்ந்தது. சொல்லியிருந்தபடி உடனே மாத்திரை போட்டேன். அப்படியும் ஏழு மணிக்கு வந்த வலியில் பல்லைக் கடித்தேன். சர்க்கரை 268, மூன்றாம் நாள்தான் இறங்கியது.

பக்கத்தில் ஸ்டூலில் அவள் உட்கார்ந்திருந்தாள். "அன்னைக்கு உனக்கும் இப்படித்தான் இருந்துச்சா?" என்று கேட்டேன்.

"இதைவிட ஜாஸ்தி" என்றாள். வேறொன்றும் சொல்லாமல் காபியை ஆற்றிக் கொடுத்தாள்.