வேர்ட் என்ற பெயரில் ஒளிந்தது



வகுப்பில் இரண்டு பையன்கள் ஒரு வாரமாகப் பேசுவதில்லை. யூடியூபில் ஃப்ரீ ஃபயர் லைவ் போடும் ஒருவர் ஹெக் பாவிக்கிறாரா இல்லையா என்பதுதான் சண்டை. "சேர், சுவருக்குப் பின்னால நிக்கிறவன் மேலயே குறி போகுது, பாருங்க" என்கிறான் ஒருவன். "அது திறமை, இவனுக்குப் பொறாமை" என்கிறான் மற்றவன்.

நானும் அந்த வீடியோவைப் பார்த்தேன். சந்தேகம் வரத்தான் செய்கிறது, ஆனால் அது போதாது. 2018 ஒக்டோபரில் ஷாங்காயில் கவுண்டர் ஸ்ட்ரைக் போட்டி நடந்தது. இந்திய அணியில் 'ஃபோர்சேகன்' என்ற பெயரில் ஆடிய நிகில் குமாவத்தின் கணினியை நடுவர் சோதிக்க வந்தார். குறியைத் தானாக எதிரி மேல் திருப்பும் மென்பொருள் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு அவர் வைத்திருந்த பெயர் 'வேர்ட்'! நாம் வினாத்தாள் டைப் பண்ணுகிற அதே வேர்ட். அணி வெளியேற்றப்பட்டது, பிறகு கலைக்கப்பட்டது. அவருக்கு ஐந்து வருடத் தடை.

அங்கே நடுவர் இருந்தார். வீட்டு அறையில் லைவ் போடுகிறவரின் முதுகுக்குப் பின்னால் யார் நிற்கிறார்?

பெற்றோருக்கு ஒரு விடயம். இந்த ஹெக் ஃபைல்கள் போனின் திரையையும் எஸ்எம்எஸ்ஸையும் பார்க்க அனுமதி கேட்கக்கூடும். பிள்ளைகள் யோசிக்காமல் 'அலவ்' அழுத்துவார்கள். பசறை, நமுனுகுல பக்கத் தோட்டங்களில் பல வீடுகளில் இருப்பது ஒரே போன். வங்கிச் செய்தி வருவதும் அதற்குத்தான்.

ஹெக் என்று சத்தம் போட்டவனின் அம்மாவுடைய போனிலேயே அப்படியொரு ஃபைல் இருந்தது.

"எல்லாரும் போடுறாங்க தானே சேர்" என்றான்.