மண்டபம் கேம்ப்

ராமேஸ்வரம் ரயிலில் போனால், பாம்பன் பாலத்துக்கு முன்பே 'மண்டபம் கேம்ப்' ஸ்டேஷன். வெள்ளைக்காரன் காலத்தில், இலங்கைத் தோட்டங்களுக்குப் போன தொழிலாளர்களைத் தங்கவைத்து உடல்நலம் பரிசோதித்த முகாம் இது. 1983-க்குப் பிறகு, அங்கிருந்து தப்பி வந்தவர்களின் வீடு.

டீக்கடையில் பேச்சுக் கொடுத்த அம்மாவுக்கு இரண்டு மகள்கள். இருவரும் பிறந்தது இங்கேதான். மூத்தவள் 1986, சட்டப்படி பிறப்பாலேயே இந்தியர். இளையவள் 1988. 1987 ஜூலை 1 முதல் பிறந்தவர்களுக்கு, பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். இவளுக்கு அப்படி யாரும் இல்லை.

"ஒரே பாயில வளந்த பிள்ளையள், தம்பி. ஒண்டு இந்தியா, ஒண்டு அகதி. மனுக் குடுத்திட்டு இருக்கிறம்."

பெயர்தான் இப்போது 'மறுவாழ்வு முகாம்'. வருகைப் பதிவுக்கு நேரமாகிவிட்டது என்று, டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.