பாதி வழியில் நின்ற கற்கள்

பெருவுக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் மாச்சு பிச்சுவைப் பார்க்கத்தான் போகிறார்கள். அந்த அவசரத்தில், வழியில் இருக்கும் ஒல்லந்தாய்தம்போவை ஒரு மணி நேரத்தில் சுற்றிவிட்டு ரயில் ஏறிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், குறைந்தது ஒரு முழு நாளாவது அங்கே தங்க வேண்டும். இன்கா மக்கள் இவ்வளவு பெரிய கற்களை எப்படிக் கையாண்டார்கள் என்ற கேள்விக்கு, கட்டி முடித்த ஊர்களைவிட, கட்டிக்கொண்டிருக்கும்போதே வேலை நின்றுபோன இந்த ஊர்தான் நல்ல பதில் வைத்திருக்கிறது.

பயணம் குஸ்கோவில் தொடங்கும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,400 மீட்டர் உயரம். விமானத்தை விட்டு இறங்கி நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கும், தலை கனக்கும். அந்த ஊர்க்காரர்கள் இதைச் ‘சொரோச்சே’ என்பார்கள். கோக்கா இலையை வெந்நீரில் போட்டுக் குடிக்கக் கொடுப்பார்கள். விவரம் தெரிந்தவர்கள் வந்திறங்கியதும் நேராக உருபம்பா ஆற்றுப் பள்ளத்தாக்குக்கு இறங்கி, உடம்பு பழகிய பிறகு குஸ்கோவுக்குத் திரும்புகிறார்கள். பள்ளத்தாக்கு நகரத்தைவிட ஐந்நூறு, அறுநூறு மீட்டர் தாழ்வு. அந்த வித்தியாசம் உடம்புக்கு உடனே தெரியும்.

இன்கா பேரரசின் தலைநகரமான குஸ்கோவுக்குள் ஸ்பானியர்கள் நுழைந்தது 1533-இல். சூரியனுக்கு உரிய கோரிகாஞ்சா கோயிலின் சுவர்கள் மேல் சாந்தோ தொமிங்கோ மடத்தைக் கட்டினார்கள். 1950-இல் வந்த நிலநடுக்கத்தில் மடம் பெருமளவு இடிந்தது. அடியில் இருந்த இன்கா சுவர்கள் நின்றன. சாந்து எதுவும் இல்லாமல் கல்லோடு கல் இழைத்துப் பொருத்திய சுவர்கள் அவை. கீழே அகன்று, மேலே போகப் போகச் சற்று உள்பக்கம் சாய்ந்திருக்கும். வாசலும் மாடமும்கூட அடியில் அகலம், உச்சியில் குறுகல்.

நகரத்துக்கு மேலே குன்றின் மீது சக்சய்வாமான். வளைந்து வளைந்து போகும் மூன்று அடுக்குச் சுண்ணக்கல் மதில். மிகப் பெரிய கல் நூறு டன்னைத் தாண்டும். பஞ்சுத் தலையணைகளை அடுக்கி மேலிருந்து அமுக்கியதுபோல ஒவ்வொரு கல்லும் பக்கத்துக் கல்லோடு குழைந்து உட்கார்ந்திருக்கிறது. நாம் இன்று பார்ப்பது மிச்சம்தான். தூக்க முடிந்த கற்களையெல்லாம் ஸ்பானியர்கள் தங்கள் வீடுகளுக்கும் தேவாலயங்களுக்கும் கொண்டுபோய்விட்டார்கள். அவர்களால் அசைக்க முடியாதவை மட்டும் இங்கே நிற்கின்றன.

இந்த மதிலின் முன்னால் நின்றுகொண்டு, “இது மனிதர் வேலையாக இருக்க முடியாது, வேறு கிரகத்திலிருந்து வந்தவர்கள் கட்டியிருப்பார்கள்” என்று சொல்பவர்களைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும். கட்டியவர்களைப் பற்றி எழுதி வைத்தவர்கள் இருக்கிறார்கள். 16-ஆம் நூற்றாண்டின் நடுவில் குஸ்கோவுக்கு வந்த பெத்ரோ சீயேசா தெ லியோன், சக்சய்வாமானில் 20,000 பேர் முறை வைத்து வேலை செய்தார்கள் என்று கேட்டுக் குறித்திருக்கிறார்: 4,000 பேர் கல் வெட்ட, 6,000 பேர் தோலாலும் நாராலும் முறுக்கிய வடங்களைப் பிடித்து இழுக்க, மற்றவர்கள் வானம் தோண்டவும் மரம் வெட்டவும். இன்கா அரச குலத்துத் தாய்க்கும் ஸ்பானியத் தகப்பனுக்கும் குஸ்கோவில் பிறந்த கார்சிலாசோ தெ லா வேகா இன்னொரு கதை சொல்கிறார். இழுத்து வந்த ஒரு பெருங்கல் சரிவில் பிடி நழுவி உருண்டு, மூவாயிரம் நாலாயிரம் பேரை நசுக்கிவிட்டதாம். களைத்துப்போய் ரத்தம் அழுது, பிறகு அந்தக் கல் நகரவே இல்லையாம். எண்ணிக்கை கூடுதலாக இருக்கலாம். ஆனால் தங்கள் முன்னோர் என்ன விலை கொடுத்து இழுத்தார்கள் என்பதை அந்த மக்கள் மறக்காமல் வைத்திருந்தார்கள்.

அந்தக் ‘களைத்த கற்கள்’ கதையில் மட்டும் இல்லை. ஒல்லந்தாய்தம்போவில் அவற்றைத் தொட்டுப் பார்க்கலாம்.

ஊருக்கு மேலே செங்குத்தான படிவயல்களைக் கடந்து ஏறினால் உச்சியில், கட்டி முடிக்காமல் விட்ட கோயிலின் ஆறு பெரும் பலகைக் கற்கள் வரிசையாக நிற்கின்றன. இளஞ்சிவப்பு ரையோலைட் பாறை. இரண்டு ஆள் உயரம். பெரியவை ஐம்பது டன்னுக்கு மேல் இருக்கும். ஒவ்வொரு இரண்டு பலகைக்கும் நடுவே ஒல்லியான கல் பட்டை ஒன்றைச் செருகியிருக்கிறார்கள். கற்களின் முகத்தில் அங்கங்கே குமிழ்கள் துருத்திக்கொண்டிருக்கின்றன. முழுதாக இழைத்து முடித்த முகம் அல்ல. சுற்றிலும் பொருத்தப்படாத கற்கள் கிடக்கின்றன. இந்தப் பாறை வந்த கச்சிகாட்டா கல்குவாரி ஆற்றுக்கு அந்தப் பக்கம், எதிர் மலையின் உயரத்தில் இருக்கிறது. அங்கே உடைத்த கல்லைச் சரிவில் இறக்கி, உருபம்பாவைக் கடத்தி, இந்தப் பக்கம் சாய்தளத்தில் ஏற்ற வேண்டும். இரும்பு கிடையாது. வண்டிச் சக்கரம் கிடையாது. மாடும் குதிரையும் அந்தக் கண்டத்தில் கிடையாது. இருந்த லாமா முப்பது கிலோ சுமந்தாலே அதிகம். இருந்தது கயிறும் ஆளும்தான். குவாரிக்கும் கோயிலுக்கும் இடையே, வேலை நின்ற அன்று எந்த இடத்துக்கு வந்திருந்தனவோ அதே இடத்தில் பல கற்கள் இன்றும் கிடக்கின்றன.

இழுத்த விதம் வழியிலேயே தெரிகிறது. செதுக்கிய விதம்? கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலைப் பேராசிரியராக இருந்த ஜான்-பியேர் புரோட்சென் இதற்காகவே இன்கா குவாரிகளில் அலைந்தார். குவாரிப் பாறையோடு சேராத வேறு ஜாதிக் கூழாங்கற்கள் அங்கே சிதறிக் கிடப்பதைக் கவனித்தார். அவைதான் சுத்தியல்கள், ஆற்றிலிருந்து பொறுக்கி மேலே கொண்டு வந்தவை. அவர் தானே ஒன்றை எடுத்து ஆண்டிசைட் பாறையில் வேலை பார்த்தார். சுமார் நாலு கிலோ கல்லை இரண்டு கைகளாலும் பிடித்து, ஓங்கி அடிக்காமல், பாறை மேல் விழ விடுவார். விழும் கணத்தில் மணிக்கட்டை லேசாகத் திருப்பினால் பொடி பொடியாக உதிரும். கல் தானே எம்பிக் கைக்குத் திரும்பும். ஓரங்களுக்கு மட்டும் சின்னக் கல். ஒரு சிறிய கட்டியின் மூன்று முகங்களை ஒன்றரை மணி நேரத்தில் செதுக்கி முடித்தார். குஸ்கோ சுவர்களை உற்றுப் பார்த்தால் அந்த அடிகளின் தழும்புகள் தெரியும்: முகத்தின் நடுவில் பெரிய குழிகள், இணைப்பை நெருங்க நெருங்க ஊசி குத்தியதுபோல் நுண்ணிய குழிகள். ஒரு கல்லை இன்னொன்றில் உட்கார வைப்பது, எடுப்பது, இடிக்கிற இடத்தைத் தட்டுவது, மறுபடி உட்கார வைப்பது. மந்திரம் அங்கே இல்லை. பொறுமையும் கணக்கில்லாத ஆள் பலமும் இருந்தன.

இத்தனை பேருக்கு யார் சோறு போட்டது? எதிரே பின்குய்யுனா மலைச் சரிவைப் பாருங்கள். செங்குத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும் நீண்ட கட்டடங்கள் களஞ்சியங்கள். ஈரமும் புழுக்கமும் அண்டாதபடி, காற்றும் குளிரும் தாக்கும் உயரத்தில் கட்டினார்கள். இன்கா அரசில் வரி என்பது பணம் அல்ல, முறை வேலை. குடும்பங்கள் தங்கள் முறைக்கு ஆள் அனுப்பும். அரசு களஞ்சியத்தைத் திறந்து சாப்பாடும் மக்காச்சோளக் கள்ளும் கொடுக்கும். மதிலைப் பார்க்கிறவர்கள் இந்தக் களஞ்சியத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இந்தப் படிவயல்கள் போரையும் பார்த்தவை. 1537 தொடக்கத்தில் ஸ்பானியத் தளபதி எர்னாண்டோ பிசாரோ குதிரைப் படையோடு வந்தபோது, ஸ்பானியர்களை எதிர்த்து எழுந்த மன்னர் மாங்கோ இன்காவின் ஆட்கள் மேலிருந்து கல்லும் அம்பும் பொழிந்தார்கள். கீழே வாய்க்கால்களைத் திருப்பிச் சமவெளியை வெள்ளக்காடாக்கினார்கள். குதிரைகள் சேற்றில் தடுமாற, ஸ்பானியர்கள் பின்வாங்கினார்கள். ஆனால் மாங்கோவாலும் அங்கே நிலைக்க முடியவில்லை; வில்கபம்பா காட்டுக்குள் போய் ஒரு சிற்றரசு அமைத்தார். அதுவும் 1572-இல் வீழ்ந்தது. ஊர் மட்டும் போகவில்லை. இன்கா காலத்துத் தெருக்களில், அதே கல் அடித்தளங்களின் மேல் இன்றும் மக்கள் குடியிருக்கிறார்கள். வாசலோரக் கால்வாயில் மலைத்தண்ணீர் ஓடுகிறது.

இதையெல்லாம் பார்த்துவிட்டு மாச்சு பிச்சுவுக்கு ரயில் ஏறினால் கண் வேறு இடத்துக்குப் போகும். பச்சாகுட்டி மன்னர் 15-ஆம் நூற்றாண்டில் கட்டிய இந்த மலை ஊரை 1911-இல் ஹிராம் பிங்காம் ‘கண்டுபிடித்தார்’ என்பார்கள். அவர் போனபோது அங்கே குடியானவர்கள் பயிர் செய்துகொண்டிருந்தார்கள். அவரை மேலே கூட்டிக்கொண்டு போனவர்களும் உள்ளூர்க்காரர்களே. எல்லோரும் படம் எடுக்கிற காட்சி அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் ஆண்டுக்கு இரண்டு மீட்டர் அளவுக்கு மழை கொட்டும் கூர்மையான மலை முதுகில் ஓர் ஊர் ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் சரியாமல் நிற்பதற்குக் காரணம் மண்ணுக்கு அடியில் இருக்கிறது. நீரியல் பொறியாளர் கென்னத் ரைட்டும் பெரு நாட்டுத் தொல்லியலாளர் அல்ஃப்ரெதோ வலென்சியாவும் தோண்டிப் பார்த்து, மொத்த வேலையில் ஏறக்குறைய அறுபது சதவீதம் தரைக்குக் கீழே என்று கணித்தார்கள். படிவயல்களில் மேலே வண்டல், அதற்குக் கீழே மணலும் சரளையும், அடியில் கட்டடம் செதுக்கியபோது உதிர்ந்த கல் சில்லுகள். மழை நீர் தங்காமல் வடிந்துவிடும். ஊற்றுத் தண்ணீரை 749 மீட்டர் கால்வாயில் அளவான சரிவில் கொண்டுவந்து பதினாறு நீர்த்துறைகளில் ஒன்றன்பின் ஒன்றாக விழ விட்டிருக்கிறார்கள். முதல் துறை மன்னர் வீட்டருகே.

மழைக்காலத்தில் போகக் கூடாது என்று பலர் தடுப்பார்கள். பனிமூட்டத்தில் மலை மறைந்துபோகலாம், உண்மைதான். ஆனாலும் ஒரு மழை விட்ட வேளையில் அங்கே இருக்க நேர்ந்தால், முற்றங்களின் சுவரடியில் விட்டிருக்கும் சின்னச் சின்ன வடிகால் துளைகளைத் தேடிப் பாருங்கள். நூற்றுக்கு மேல் இருக்கின்றன.